ஆறு மணி நோட்டு

மாலை ஆறு மணிக்கு ஹாரிகாவை வீட்டுக்குள் தேடினால் கிடைக்க மாட்டாள். வெங்காயப் பக்கோடா போட்டாலும் சரி, எதிர்வீட்டுப் பூனை குட்டி போட்டாலும் சரி, அந்த நேரத்துக்கு அவள் மொட்டை மாடியில்தான் இருப்பாள். கூடவே ஒரு பழைய சாக்லேட் டப்பா, ஒரு பென்சில், ஒரு நாற்பது பக்க நோட்டு.

மேற்கே குருடிமலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிக்கொண்டிருக்கும். ஹாரிகா கண்ணை மூடி டப்பாவுக்குள் கையை விடுவாள். ஒரு சீட்டு எடுப்பாள். அதைப் பார்த்துவிட்டு நோட்டில் ஏதோ எழுதுவாள். அப்புறம் அவ்வளவு அழகான மலையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுக் கிழக்குப் பக்கம் திரும்பி நிற்பாள்.

அம்மா மூன்று நாள் பொறுத்துப் பார்த்தார். நான்காம் நாள் துணி எடுக்கிற சாக்கில் மாடிக்கு வந்தார்.

"கெழக்கால என்ன கண்ணு தெரியுது?"

"சூலூருங்கம்மா."

அம்மாவும் எட்டிப் பார்த்தார். தண்ணீர்த் தொட்டிகளும் ஒரு செல்போன் கோபுரமும்தான் தெரிந்தன. துடியலூர் மாடியிலிருந்து சூலூர் தெரிய வேண்டுமென்றால், நடுவில் இருக்கிற கோயம்புத்தூர் முழுவதும் கொஞ்சம் குனிந்துகொள்ள வேண்டும். அது நடக்கிற காரியமா? அம்மா துணியை எடுத்துக்கொண்டு கீழே போய்விட்டார்.

ஆனால் ஹாரிகாவுக்குத் தெரிந்தது. அங்கேயும் ஒரு மொட்டை மாடி. அங்கேயும் ஒரு சாக்லேட் டப்பா. அதன் பக்கத்தில் கண்ணை மூடிக்கொண்டு வர்ஷினி. துடியலூரிலிருந்து ஒரு மெல்லிய நூல் புறப்பட்டு, காந்திபுரத்துப் பேருந்துகளுக்கு மேலே, சிங்காநல்லூர்க் குளத்துக்கு மேலே, இருகூர் ரயில்களுக்கு மேலே மிதந்து மிதந்து போய் அந்த மாடியில் இறங்குவதாக அவள் நினைத்துக்கொள்வாள். இருட்டும்வரை அந்த நூலைப் பார்த்துக்கொண்டே நிற்பாள்.

வர்ஷினி யாரென்று சொல்லாமல் கதையை நகர்த்த முடியாது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்பு முடிகிறவரை ஹாரிகாவுக்கு இடது பக்கம் உட்கார்ந்திருந்தவள் அவள்தான். கடையில் போய் நின்றால் "தேன்மிட்டாய்" என்று இரண்டு வாயும் ஒரே நேரத்தில் கேட்கும். டீச்சர் ஒருத்தியைத் திட்டினால் இன்னொருத்திக்கு மூக்கு சிவந்துவிடும். வர்ஷினி தொட்டதற்கெல்லாம் அழுவாள் என்று ஹாரிகா சொல்வாள். ஹாரிகா தொட்டதற்கெல்லாம் அழுவாள் என்று வர்ஷினி சொல்வாள். இரண்டு பேர் சொல்வதும் உண்மை.

மே மாதம் வர்ஷினியின் அப்பா காளிச்சாமி சூலூரில் எட்டு விசைத்தறிகளை வாங்கினார். தறி அங்கே, வீடு இங்கே என்றால் ஆகுமா? ஒரு டெம்போ வந்தது. பீரோ, கட்டில், கிரைண்டர், வர்ஷினி, அவளுடைய தம்பி நிதீஷ் எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு போயே போய்விட்டது.

ஹாரிகாவுக்கு ஒரே ஒரு பயம்தான். புதுப் பள்ளிக்கூடத்தில் புது பெஞ்சு இருக்கும். பெஞ்சில் புதுப் பிள்ளை ஒருத்தி இருப்பாள். கொஞ்ச நாளில் அவளும் வர்ஷினியும் சேர்ந்து "தேன்மிட்டாய்" என்று சொல்ல ஆரம்பித்துவிட்டால்? 

அந்தப் பயத்தைத் தீர்க்கத்தான் இந்த நோட்டு, டப்பா எல்லாம். இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்றால், ஒரு கல்லூரியின் இருட்டு அறையிலிருந்து வந்தது.

டெம்போ வருவதற்கு ஒரு வாரம் முன்பு, ஊருக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் ஆய்வகத்தைப் பிள்ளைகளுக்குத் திறந்து காட்டினார்கள். மற்ற பிள்ளைகள் எல்லாம் ரோபோ இருந்த அறைக்கு ஓடினார்கள். ஹாரிகாவும் வர்ஷினியும் வழி தவறி, யாருமே வராத ஓர் அறைக்குள் நுழைந்தார்கள். கறுப்புத் திரை, நீண்ட மேஜை, மேஜை மேல் குட்டிக் குட்டிக் கண்ணாடிகள். சண்முகப்பிரியா என்ற ஆராய்ச்சி மாணவி, இரண்டு பேராவது வந்தார்களே என்ற சந்தோஷத்தில் எழுந்து நின்றார்.

அவர் சொன்னது இதுதான். நடுவில் ஒரு சின்னப் படிகம் இருக்கிறது. அதற்குள் ஒளியைச் செலுத்தினால், சில சமயம் ஒளித்துகள்கள் இரட்டைப் பிள்ளைகளாகப் பிறக்கும். ஒன்று மேஜையின் இந்தக் கோடிக்குப் போகும், இன்னொன்று அந்தக் கோடிக்குப் போகும். ஒவ்வொரு கோடியிலும் ஒரு கண்ணாடி. அதை மூன்று விதமாகத் திருப்பி வைக்கலாம். துகள் வந்தால், ஒன்று அதை ஊடுருவிப் போகும், இல்லையென்றால் நின்றுவிடும். இரண்டு கண்ணாடியையும் ஒரே மாதிரி திருப்பி வைத்தால், இரண்டு துகளும் எப்போதும் ஒரே காரியத்தைச் செய்யும். இது போனால் அதுவும் போகும். இது நின்றால் அதுவும் நிற்கும். இதற்குக் குவாண்டம் பின்னல் என்று பெயர்.

ஹாரிகாவுக்கு இது பெரிதாகப் படவில்லை.

"இதுல என்னங்கக்கா அதிசயம்? முன்னாடியே பேசி வெச்சுட்டு வந்திருக்கும்ங்க."

செருப்பு விஷயத்தையும் எடுத்துச் சொன்னாள். கோயிலில் ஒற்றைச் செருப்பைத் தொலைத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், வீட்டில் இருப்பது இடது கால் என்றால் கோயிலில் கிடப்பது வலது கால். போய்ப் பார்க்காமலே சொல்லிவிடலாம். கடையில் வாங்கும்போதே அது அப்படித்தானே?

சண்முகப்பிரியாவுக்கு ஏக சிரிப்பு. பெரிய பெரிய விஞ்ஞானிகளே ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தார்கள் என்று சொன்னார். மேஜை டிராயரிலிருந்து சிவப்பில் ஒன்று, மஞ்சளில் ஒன்று என்று இரண்டு நகப்பாலிஷ் பாட்டில்களை எடுத்து வைத்தார். மூன்று விரல்களில் பூச வேண்டும், எந்த இரண்டு விரலும் ஒரே நிறமாக இருக்கக் கூடாது என்றார்.

இரண்டு பேரும் பூசிப் பார்த்தார்கள். சிவப்பு, மஞ்சள், அப்புறம்? மூன்றாவது விரலுக்கு எதைப் பூசினாலும் ஏதோ ஒன்றோடு ஒத்துப்போனது. நிறம் இரண்டு, விரல் மூன்று. ஆகவே ஆகாது.

அங்கேதான் ஹாரிகாவுக்குப் பொறி தட்டியது. துகள்கள் பதிலை முன்னாடியே பேசி வைத்துக்கொண்டு வந்தால், மூன்று விதத்துக்கும் பதில் வைத்திருக்க வேண்டும். அதாவது விதம்தான் விரல், பதில்தான் நிறம் என்றால், மூன்று விரலிலும் பாலிஷ் பூசிக்கொண்டு வர வேண்டும். அப்படி வந்தால் எப்படியும் இரண்டு விரல் ஒரே நிறம். எனவே இந்தத் துகளிடம் ஒரு விரலையும் அந்தத் துகளிடம் வேறு விரலையும் காட்டச் சொல்லி, பல தடவை கேட்டுக் கணக்குப் பார்த்தால், மூன்றுக்கு ஒரு தடவையாவது நிறம் ஒத்துப்போயே தீர வேண்டும்.

"நெசத்துல எத்தனைங்கக்கா வந்துச்சு?"

"நாலுக்கு ஒண்ணு."

நாலுக்கு ஒன்று என்றால் குறைச்சல். பாலிஷ் பூசிக்கொண்டு வந்த கையால் அவ்வளவு குறைச்சலாக ஒத்துப்போக முடியாது. அப்படியென்றால் அந்தத் துகள்கள் எதையும் முன்னாடியே பூசிக்கொண்டு வரவில்லை. எந்த விரலைக் கேட்பது என்பதை விஞ்ஞானிகள் கடைசி நொடியில்தான் முடிவு செய்வார்களாம். ஒன்றுக்கொன்று சேதி சொல்லக்கூட நேரம் இருக்காதாம்.

அப்புறம் எப்படித்தான் தெரிகிறது என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள்.

"அது தெரியாமத்தான் அம்மணி நானும் இங்க உக்காந்துட்டு இருக்கேன்" என்றார் சண்முகப்பிரியா. இதை வைத்துக்கொண்டு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு ஒரு "சாப்டியா"கூடச் சொல்லி அனுப்ப முடியாது என்றும் சொன்னார். அதை இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை. அவர்கள் அப்போதே வேறு உலகத்தில் மிதந்துகொண்டிருந்தார்கள்.

திரும்பி வரும் வழியில் பேருந்தில் வைத்து, "ஒருவேளை நாமளும் அப்படித்தானோ?" என்று இரண்டு வாயும் சேர்ந்து சொல்லின. அவ்வளவுதான், சோதனை முடிவாகிவிட்டது.

தினமும் மாலை ஆறு மணி. டப்பாவில் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் என்று மூன்று சீட்டு. கண்ணை மூடி ஒன்றை எடுக்க வேண்டும். அந்த விரலுக்குச் சிவப்பா, மஞ்சளா, முதலில் மனசில் எது வருகிறதோ அதை எழுத வேண்டும். முப்பது நாள். இரண்டு பேருக்கும் ஒரே விரல் வந்த நாட்களில் நிறமும் ஒன்றாகவே இருந்தால், சூலூர் என்ன, சிங்கப்பூருக்கே போனாலும் கவலையில்லை. வர்ஷினி தன் நோட்டிலும் ஹாரிகாவின் நோட்டிலும் முதல் பக்கத்தில் பெரிதாக எழுதினாள்: "அழிக்கக் கூடாது."

அழிக்கக் கூடாதென்றால் பேனாவில் எழுதியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். அப்போது அது யாருக்கும் தோன்றவில்லை.

இன்னொரு விதி போட்டவள் ஹாரிகா. முப்பது நாளும் இரண்டு பேரும் பேசிக்கொள்ளக் கூடாது. துகள்கள் பேசிக்கொள்வதில்லையே! இவர்கள் பேசினால் ஒருத்தி மனசில் இருப்பது இன்னொருத்திக்குத் தெரிந்துவிடும், சோதனை கெட்டுவிடும். எனவே சூலூரிலிருந்து அம்மாவின் போனுக்கு அழைப்பு வந்தால், ஹாரிகா இரண்டு காதையும் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடுவாள். தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் நிற்பாள். ரெண்டு பேருக்கும் என்ன சண்டை என்று அம்மா அந்தப் பக்கத்து அம்மாவிடம் கேட்டார். இங்கேயும் ஒருத்தி குழாயைத் திறந்துவிட்டு நிற்கிறாள் என்று பதில் வந்தது.

முப்பது நாள் நீளம். ஆறாம் வகுப்பு ஆரம்பித்தது. இடது பக்கம் வேறு யாரோ உட்கார்ந்தார்கள். சொல்ல எவ்வளவோ இருந்தது. முன்பல் ஆடுகிறது, டீச்சர் பெயர் மாறிவிட்டது, எதிர்வீட்டுப் பூனைக்கு நான்கு குட்டி. எல்லாவற்றையும் ஹாரிகா வாய்க்குள்ளேயே வைத்துக்கொண்டு, ஆறு மணிக்கு அந்த நூலை மட்டும் பார்த்துக்கொண்டு நின்றாள்.

முப்பதாம் நாள் வெள்ளிக்கிழமை. சனிக்கிழமை காலையில் ஹாரிகாவின் அப்பா சீனிவாசலு அவளைப் பேருந்தில் கூட்டிக்கொண்டு போய்ச் சூலூரில் விட்டார். ஞாயிறு மாலை வந்து அழைத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

வீட்டை ஒட்டியே தறிக்குடோன். எட்டுத் தறியும் டக்கடக் டக்கடக் என்று ஓடிக்கொண்டிருந்தன. அந்தச் சத்தத்தில் உள்ளே பேச வேண்டுமென்றால் காதில் வாயை வைத்துக் கத்த வேண்டும்.

வர்ஷினி வாசலில் நின்றாள். ஹாரிகாவும் நின்றாள். முப்பது நாள் பேசாமல் இருந்து பழகிவிட்டதால், எதில் ஆரம்பிப்பது என்று இருவருக்கும் தெரியவில்லை.

"பஸ்ல கூட்டமா?" என்றாள் வர்ஷினி.

"இல்ல" என்றாள் ஹாரிகா.

வர்ஷினியின் அம்மாதான், "வாங்க கண்ணு, ஏன் அங்கயே நிக்கறீங்க?" என்று உள்ளே கூட்டிப் போனார். மோர் கொடுத்தார். வர்ஷினிக்கு இங்கே நேஹா என்று ஒரு பிள்ளை நல்ல சிநேகிதமாகிவிட்டாள், பக்கத்துத் தெருதான் என்றும் சொன்னார். ஹாரிகா பாதி மோரோடு தம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

நோட்டுகளை ஞாயிற்றுக்கிழமை காலையில் பிரிப்பதாக ஏற்பாடு. இரண்டையும் ஒப்பிட்டுத் தீர்ப்புச் சொல்ல நிதீஷை நியமித்தார்கள். அவனுக்கு ஏழு வயது. இரண்டாம் வகுப்பு. "ஜட்ஜ் ஐயான்னு கூப்பிட்டாத்தான் வருவேன்" என்று சொல்லிவிட்டான்.

மத்தியானத்துக்கு முன்னால் காளிச்சாமி ஹாரிகாவுக்குத் தறி ஓடுவதைக் காட்ட அழைத்துப் போனார். வர்ஷினி தலைவலி என்று வீட்டிலேயே இருந்துவிட்டாள். சாப்பிடும்போது பார்த்தால் அவள் இடது கையை இறுக்கி மூடி வைத்திருந்தாள். என்ன என்று ஹாரிகா கேட்டதற்கு ஒன்றுமில்லை என்று தலையாட்டினாள். முன்பெல்லாம் ஒன்றுமில்லை என்று அவள் சொன்னதே கிடையாது.

சாயங்காலம் ஐந்து மணிக்கு வர்ஷினி குளிக்கப் போனாள். கட்டிலில் அவள் தலையணைக்கு அடியிலிருந்து நோட்டின் ஒரு முனை எட்டிப் பார்த்தது.

ஹாரிகா அதைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்தாள். அப்புறம் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தாள். அப்புறம், சும்மா ஒரு தடவை, என்று நோட்டை எடுத்துவிட்டாள்.

தன் நோட்டையும் பக்கத்தில் விரித்து வைத்து விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். முப்பது நாளில் பதினோரு நாள் இருவருக்கும் ஒரே விரல். அந்தப் பதினொன்றில் ஐந்து நாள் நிறம் ஒத்துப்போனது. ஆறு நாள் போகவில்லை.

ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. தெருவில் போகிற யாரோ இரண்டு பேர் எழுதியிருந்தாலும் இப்படித்தான் வந்திருக்கும். மாடியில் அவள் தினமும் பார்த்த நூல் இப்போது எங்கேயும் தெரியவில்லை. நாளைக் காலையில் வர்ஷினியும் இதைப் பார்ப்பாள். முதலில் உதடு கோணும். அப்புறம் மூக்கு சிவக்கும். அப்புறம் அழுவாள்.

குளியலறையில் தண்ணீர் ஊற்றும் சத்தம் இன்னும் கேட்டது. ஹாரிகா வர்ஷினியின் நோட்டைத் தலையணைக்கு அடியில் வைத்தாள். தன் பென்சில் பெட்டியிலிருந்து ரப்பரை எடுத்தாள். மூன்றாம் நாள், மோதிர விரல், சிவப்பு என்பதை அழித்து மஞ்சள் என்று எழுதினாள். இப்படி ஆறு இடத்தில் அழித்து எழுதினாள். முதல் பக்கத்தை மட்டும் அவள் திருப்பவே இல்லை.

ஆறு மணிக்கு இருவரும் மாடிக்குப் போனார்கள். இன்றைக்கு எழுத ஒன்றுமில்லை. வானம் ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. விமானப்படைத் தளத்திலிருந்து ஒரு விமானம் எழும்பி, ரொம்ப நேரம் சத்தம் போட்டுவிட்டு மேகத்துக்குள் போனது. கீழே தறிகள் ஓடிக்கொண்டே இருந்தன. மேற்கே மங்கலாக மலைகள் தெரிந்தன. அந்த மலைக்குக் கீழேதான் தன் வீடு, அந்த மாடியிலிருந்து இப்போது யாரும் இந்தப் பக்கம் பார்க்கவில்லை என்று ஹாரிகா நினைத்துக்கொண்டாள்.

"தண்ணி குடிச்சுப்போட்டு வாரேன்" என்று வர்ஷினி கீழே போனாள். ஒரு தம்ளர் தண்ணீர் குடிக்க அவ்வளவு நேரம் ஆகும் என்று ஹாரிகாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. திரும்பி வந்தபோது வர்ஷினி கையைக் கழுவிவிட்டு வந்திருந்தாள். இடது கை இப்போது விரிந்திருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை இட்லி முடிந்தது. ஜட்ஜ் ஐயா அப்பாவின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார். இரண்டு நோட்டையும் மடியில் விரித்தார். ஒரே விரல் வந்த நாட்களை மட்டும் தேடித் தேடிப் படித்தார்.

"மூணாம் நாளு. ரெண்டு பேருக்கும் மோதிர வெரலு. ஹாரிகாக்கா மஞ்சள். வர்ஷினி செவப்பு. தப்பு."

"அது எப்படி?" என்று இரண்டு வாயும் சேர்ந்து கேட்டன.

ஹாரிகாவுக்குப் புரியவில்லை. வர்ஷினி மஞ்சள் என்றுதானே எழுதியிருந்தாள்? தன் கண்ணாலேயே பார்த்தாளே! அதை வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. வர்ஷினியும் ஏதோ சொல்ல வந்து வாயை மூடிக்கொண்டாள்.

நிதீஷ் படித்துக்கொண்டே போனான். கடைசியில் எண்ணிப் பார்த்தால் ஐந்து சரி, ஆறு தப்பு. ஹாரிகா மாற்றுவதற்கு முன்னால் எப்படி இருந்ததோ அப்படியே இருந்தது.

நிதீஷ் நோட்டை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனான். பிறகு இன்னொரு நோட்டையும் அப்படியே பார்த்தான்.

"இங்க அழிச்சிருக்கு. இங்கயும் அழிச்சிருக்கு." இதில் ஆறு, அதில் ஆறு, எல்லாம் அதே அதே நாட்கள். முதல் பக்கத்தைத் திருப்பி இருவர் முகத்துக்கு நேராகவும் காட்டினான். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

ஹாரிகாவுக்கு அப்போதுதான் உறைத்தது. இவள் நோட்டைப் பார்த்து ஆறு நாளையும் குறித்து வைத்து மூடிய இடது கை. தலைவலி. ஒரு தம்ளர் தண்ணீர். இவள் அவளுக்காகச் சிவப்பை மஞ்சளாக்கியிருக்கிறாள். அவள் இவளுக்காக மஞ்சளைச் சிவப்பாக்கியிருக்கிறாள். இரண்டும் மாறினால் பழையபடி இரண்டும் வேறுதான்.

ஆனால் ஜட்ஜ் ஐயா விடுவாரா? விசாரணை இல்லாமல் தீர்ப்பு இல்லை என்றார். இரண்டு பேரும் பக்கத்தில் நின்றால் ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி திருப்பிச் சொல்லிவிடுவாள் என்று அவருக்குத் தெரியும். இரண்டு பேரையும் தறிக்குடோனுக்குள் கூட்டிக்கொண்டு போனார். ஹாரிகாவை இந்தக் கோடியில் நிறுத்தினார். வர்ஷினியை அந்தக் கோடியில் நிறுத்தினார். நடுவில் எட்டுத் தறியும் டக்கடக் டக்கடக் என்று ஓடின. ஒரு சொல்கூட இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் போக வழியில்லை. கல்லூரியில் இருந்த அந்த நீண்ட மேஜைதான் ஹாரிகாவுக்கு ஞாபகம் வந்தது.

நிதீஷ் வந்து அவள் காதில் கத்தினான். "எதுக்கு அழிச்சீங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி தோன்றியது. வேண்டாம் என்று உடனே தோன்றியது. ஹாரிகா குனிந்து அவன் காதில் உண்மையைச் சொன்னாள். அவன் அதை எழுதிக்கொண்டான். பிறகு தறிகளுக்கு நடுவே நடந்து அந்தக் கோடிக்குப் போனான். வர்ஷினி குனிவதும், அவள் வாய் அசைவதும், ஓடுகிற வெள்ளை நூல்களுக்கு அந்தப் பக்கம் கனவில் தெரிவது மாதிரி தெரிந்தது. ஒன்றும் கேட்கவில்லை. அவள் என்ன சொல்கிறாள் என்று தெரிந்துகொள்ள ஹாரிகா எதை வேண்டுமானாலும் கொடுத்திருப்பாள்.

வெளியே வந்து நிதீஷ் படித்தான்.

"ஹாரிகாக்கா சொன்னது: சோதனை தோத்துப்போனா வர்ஷினி அழுவா, அதான். வர்ஷினி சொன்னது: சோதனை தோத்துப்போனா ஹாரிகா அழுவா, அதான்."

படித்துவிட்டு நிமிர்ந்தால், இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் வர்ஷினி களுக்கென்று சிரித்தாள். ஹாரிகாவும் சிரித்தாள். அப்புறம் அழுகிறார்களா சிரிக்கிறார்களா என்று யாருக்கும் சொல்லத் தெரியவில்லை.

"அப்ப நாம குவாண்டம் பின்னல் இல்லையா?" என்று வர்ஷினி மூக்கை உறிஞ்சிக்கொண்டே கேட்டாள்.

ஹாரிகா யோசித்தாள். துகள்கள் எதையும் முன்னாடியே எடுத்துக்கொண்டு வருவதில்லை. அதுதான் அவற்றின் அதிசயம். ஆனால் இந்தப் பதில் இன்றைக்குத் தறிக்குடோனில் பிறந்த பதிலா? இரண்டு பேரிடமும் இது எப்போதிலிருந்து இருக்கிறது!

"இல்ல புள்ள. நாம முன்னாடியே எடுத்துட்டு வந்துபோட்டோம். துடியலூர்ல இருந்தே."

"அப்ப வெறும் ஜோடிச் செருப்பா?"

"ஆமா."

பரவாயில்லை என்றாள் வர்ஷினி. இன்னொன்றும் ஹாரிகாவுக்குத் தோன்றியது. பாவம், அந்தத் துகள்களால் ஒரு "சாப்டியா"கூடச் சொல்லி அனுப்ப முடியாது. இவர்களால் முடியும். அம்மாவிடம் போன் இருக்கிறது, காந்திபுரத்திலிருந்து பேருந்து இருக்கிறது. பேச முடிந்த இரண்டு பேர், பேச முடியாத துகள்களைப் பார்த்து முப்பது நாள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறார்களே!

"நாளையிலருந்து ஆறு மணிக்கு போன்" என்றாள் ஹாரிகா.

"நேஹாவையும் பேசச் சொல்றேன். உன்னைப் பத்தியே சொல்லிச் சொல்லி அவளுக்குக் காது வலிக்குதாம்."

ஹாரிகாவின் அந்த ஒரே பயமும் போயே போய்விட்டது. ஆடுகிற முன்பல்லைக் காட்டினாள். பூனைக் குட்டிகளின் பெயரைச் சொன்னாள். வர்ஷினி புதுப் பள்ளிக்கூடத்தில் மணி அடிக்கிறவர் தூங்கிவிட்ட கதையைச் சொன்னாள். முப்பது நாள் பேச்சும் ஒரே மூச்சில் கொட்டியதில், ஒருத்தி சொல்வது இன்னொருத்திக்குக் கேட்டதா என்பதே சந்தேகம்தான்.

ஜட்ஜ் ஐயாவுக்குக் கோபம் வந்துவிட்டது. அவருடைய வேலை இன்னும் முடியவில்லை.

"ஏனுங்க, இதுக்கு என்ன போடறது? கேள்வி ஒண்ணுதான். ஒரு பதில்ல வர்ஷினின்னு இருக்கு, ஒண்ணுல ஹாரிகான்னு இருக்கு. இது சரியா, தப்பா?"

நிதீஷ் இரண்டு பதிலையும் இன்னொரு தடவை படித்தான். ஈரமான இரண்டு முகங்களையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு பென்சிலைக் கீழே வைத்துவிட்டு உள்ளே ஓடிப்போய், அப்பாவின் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு வந்தான். நோட்டின் கடைசி வரியில், இனிமேல் யாரும் அழிக்க முடியாதபடி அழுத்தி எழுதினான்: "சரி."